ஐந்தாம் தலம்

மைக் என் கையில்.
ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கி.
பின்னால் அப்பாவின் தோளில் சிலுவை,
முதிரை மரம், அவருடைய தகப்பன் அரிந்தது.
பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டார்தான் சுமப்பது
என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
எழுதி வைக்காததால்தான்
யாராலும் அழிக்க முடியவில்லை.

பாடசாலை, சங்கக்கடை,
முதலாம் வாய்க்கால்,
பிறகு கொலனிச் சந்திக்கு நூறு யார் முன்னதாகவே
பாதை இடப்பக்கம் திரும்பிவிடும்.
அங்கே றோட்டு சரியில்லை என்பார்கள்.
கிளிநொச்சியில் றோட்டு எங்கேதான் சரி.

இந்தமுறை அந்தத் திருப்பத்தில்
பெண்கள் இருந்தார்கள்.
நாற்பது, நாற்பத்தைந்து பேர்.
மடியில் பிளாஸ்டிக் குடங்கள், எல்லாம் வெறுங்குடம்.
முன்னால் சந்தனமேரி.

என்னோடு மறைக்கல்வி படித்தவள்.
ஒருநாள் சிஸ்டர் சொன்னா,
கடல் கடந்த ஒரு நாட்டில்
பஸ்ஸில் பின்னுக்கு இருக்கமாட்டோம் என்று
கறுப்பு மக்கள் ஒரு வருஷத்துக்கும் மேலே
நடந்தே வேலைக்குப் போனார்களாம்.
இரவில் கோயிலில் கூடிச் செபித்துவிட்டு
விடிய மறுபடி நடந்தார்களாம்.
நாங்கள் கைதட்டினோம்.
சந்தனமேரி கையை உயர்த்தினாள்:
"சிஸ்டர், நம்ம கொலனிச் சந்தியில
பஸ் நிக்கிறதே இல்லையே?"
சிஸ்டர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினா.
நான் சிரித்தேன்.
எதற்கென்று அன்றைக்கு யோசிக்கவில்லை.
அவள் "நம்ம" என்று சொன்னதற்காக இருக்கலாம்.

ஐந்தாம் தலம், என்று வாசித்தேன்.
சீரேன் ஊரானாகிய சீமோன்,
வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவன்,
வெளியூரான்,
அவனுடைய தோளில்

அங்கே குரல் நின்றுவிட்டது.

வெளியூரான்.
எழுபத்தேழில் மலையிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு
காடு வெட்டி, எங்கள் வயலில் களை பிடுங்கி,
மூன்று தலைமுறையாகியும்
"வந்த ஆக்கள்."

அப்பா நல்ல மனிதர்.
சிலுவையை இறக்கினார், கழுத்தைத் துடைத்தார்.
"சரி பிள்ளையள்,
இந்தமுறை நீங்களே தூக்குங்கோ."
சிலர் கண் கலங்கினார்கள்.
சுவாமி தலையாட்டினார்.
அந்த இடத்தோடு முடிந்திருந்தால்
பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கும்.

சந்தனமேரி எழும்பவில்லை.
மைக்கை நான் நீட்டினேனா,
கை தானாகச் சாய்ந்ததா, தெரியாது.

"சிலுவை வேணாங்க ஐயா.
அதை நாங்க தூக்கிக்கிட்டுத்தான் வந்தோம்.
சிறுபோகத் தண்ணி லிஸ்ட்டில
எங்க பேரை எழுதுங்க."

சங்கக்கடை வரைக்கும் கேட்டது.
குளக்கட்டு வரைக்கும் போயிருக்கும்.

"இது கமக்காரர் அமைப்பில கதைக்கிற விஷயம்,
ஆண்டவர் பாடுபட்ட நாளில…"
அப்பா முடிக்கவில்லை.
காணிப் பத்திரம் இல்லாதவர் அமைப்பில் சேர முடியாது.
அந்த விதியைக் கூட்டத்தில் வாசித்தது அவர்தான்.

எனக்கு மாத்தளன் மணல் ஞாபகம் வந்தது.
ஒரு பங்கர். ஒரு போத்தல் தண்ணீர்.
தந்தது சந்தனமேரியின் தாய்.
அப்பா முதலில் குடித்தார், பிறகு நான்.
போத்தலின் வாயை யாரும் துடைக்கவில்லை.
லிஸ்ட் ஒன்றும் இருக்கவில்லை அன்றைக்கு.

வெயில் ஏறியது.
குடைகள் விரிந்தன.
சிலர் வீட்டுக்குப் போனார்கள்,
சிலுவையை மிதிக்காமல், கவனமாகச் சுற்றி.

மூன்று மணிக்கு ஆறாம் தலத்தைத் திறந்தேன்.
வெரோணிக்காள். துணி. முகம்.
வாசிக்க வாய் வரவில்லை.
புத்தகத்தை ஓட்டோவில் வைத்துவிட்டு
ஒரு குடத்தைத் தள்ளி, அவர்களோடு இருந்தேன்.
சந்தனமேரி இடம் விட்டாள்.
மன்னித்தாளா தெரியாது.
நான் கேட்கவுமில்லை.

பின்னேர நிழல் றோட்டைக் கடந்தபோது
சிலுவை கிடந்த இடத்திலேயே கிடந்தது.
அப்பா அதன் குறுக்குக் கட்டையில் குந்தியிருந்தார்,
சட்டைப் பையிலிருந்து பேனையை எடுப்பதும்
மறுபடி வைப்பதுமாக.